திறப்புக்கோவை தாங்கிய அறிஞர்

கல்லூரியொன்றின் விழா மலரைக் கையிலெடுப்போர் அதன் முற்பக்கங்களில் யார் யாரைக் காண்பர் என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை. நிறுவிய பெரியார், வழிவழி வந்த அதிபர்கள், நீதிபதிகளாயும் வைத்தியர்களாயும் பொறியியலாளர்களாயும் விளங்கிய பழைய மாணவர்கள், வெற்றிக்கிண்ணம் ஏந்திய துடுப்பாட்ட வீரர்கள் என அனைவரும் வரிசையாய் வீற்றிருப்பர். இருக்க வேண்டியவர்களே. ஆயினும், வைகறையிற் படலையைத் திறந்தவர், மணி அடித்தவர், வளவைக் கூட்டிப் பூங்கன்றுகளுக்கு நீர் வார்த்தவர், இரவில் விளக்கேந்தி வகுப்பறைக் கதவுகளைத் தள்ளிப் பார்த்தவர் ஆகியோரின் படங்களை நான் அம்மலர்களில் அரிதாகவே கண்டிருக்கிறேன். ஆனாற் பழைய மாணவர் இருவர் ஒரு கலியாண வீட்டிற் சந்திப்பாராயின், அதிபரின் பிரம்பிற்கு அடுத்தபடியாக அவர்கள் வாயில் வருவது அந்த மனிதரின் பெயரே. பிந்தி ஓடிவந்த காலையிற் படலையைச் சற்றே நெகிழ்த்திவிட்ட கையை யார் மறப்பர்?

மலர்க் குழுவினர் பெரியார் ஒருவரின் வரலாறு எழுதித் தருமாறு என்னைப் பணித்தபோது, அத்தகைய பணியிலிருந்துகொண்டே அறிவுலகை வியக்கவைத்த ஒருவரைப் பற்றி எழுதுவதெனத் துணிந்தேன். அவர் நம்மவர் அல்லர். ஸ்கொற்லாந்து நாட்டவர். பெயர் ஜேம்ஸ் குறோல். கிளாஸ்கோ நகரத்து அன்டர்சன் கல்லூரியில் 1859ஆம் ஆண்டு தொடக்கம் 1867ஆம் ஆண்டு வரை கதவு திறந்து, பூட்டி, துப்புரவு பேணி, நூதனசாலைப் பொருள்களைக் காத்து நின்றவர். பூமியிற் பனியுகங்கள் ஏன் தோன்றி மறைந்தன என்னும் வினாவுக்கு, வானத்தையும் கடலையும் ஒருங்கு நோக்கி விடை தேடியவரும் அவரே.

பேர்த் மாகாணத்திலே காகில் என்னும் கோயிற்பற்றைச் சேர்ந்த சிற்றூரொன்றில் 1821ஆம் ஆண்டு தை மாதம் 2ஆந் திகதி குறோல் பிறந்தார். தந்தையார் கல்வேலை செய்பவர். சிறிதளவு நிலமும் பயிரிட்டு வந்தார். வேலை தேடி அவர் ஊரூராய்ச் செல்ல, வீட்டுத் தோட்டத்துப் பாரம் சிறுவன்மேற் சுமந்தது. ஆதலால் ஜேம்ஸின் பள்ளிப்படிப்பு விட்டுவிட்டு நடந்து, ஏறக்குறைய 13 வயதளவில் நின்றுபோயிற்று. பள்ளியிலும் அவர் சூட்டிகையான பிள்ளையென்று பெயரெடுத்தவர் அல்லர். நூலின்மேல் ஆசை வந்தது பள்ளியால் அன்று. 1832ஆம் ஆண்டில் பேர்த் நகரத்துப் புத்தகக் கடையொன்றிற் காசு விலைக்கு விற்ற ஒரு பொதுமக்கள் சஞ்சிகையின் முதலிதழ் அவர் கண்ணிற் பட்டது. அதனை வாங்கினார், பின்னர் வந்த இதழ்களையும் தேடித் தேடி வாங்கினார். அதிலிருந்து பௌதிக நூல்களுக்குச் சென்றார். ஒரு பொருளைப் படிக்கும்போது அதன் விவரங்கள் அவர் மனத்தில் தங்கமாட்டா. ஆனால் அதற்கு அடிப்படையான விதி யாது, அவ்விதிக்கும் காரணம் யாது என்று பின்னோக்கிப் பின்னோக்கிச் செல்லாமல் அவரால் அமைதியுற முடிவதில்லை. தகவல்களைக் கோத்து ஒப்புவிப்பவனையே கெட்டிக்காரன் எனப் பாராட்டிப் பழகிய நம்போன்ற ஆசிரியர் வகுப்பில் இப்படியொரு பிள்ளை இருந்தால், நாம் அவனைக் கண்டுகொள்வோமா என்பது எனக்கு ஐயமே.

ஆலைகளுக்குப் பொறி அமைக்கும் தச்சுத் தொழிலைக் கற்றார். கிராமம் கிராமமாக நடந்து, கமக்காரரின் களஞ்சியங்களில் உறங்கி, பழுதுபார்த்துத் திரியும் தொழில் அது. 22 வயதளவில் அட்சரகணிதம் கற்கும் ஆசையால் வேலையை விட்டு, சிறு பிள்ளைகளோடு பள்ளி வாங்கில் மீண்டும் ஒரு மாரிகாலம் இருந்தார். பின்னர் மரவேலை செய்து பிழைத்தார். சிறு வயதில் முழங்கையில் வந்த கட்டொன்றின் தாக்கம் மீண்டும் தலைதூக்கி, கை மூட்டு இறுகிவிடவே உளியும் இழைப்புளியும் கைவிட்டுப்போயின.

அதன்பின் அவர் செய்த தொழில்களை எண்ணுவது எளிதன்று. எல்ஜின் நகரில் தேயிலைக் கடை வைத்தார். நோயாற் கடை மூடியது. 1848இல் இசபெல்லா மக்டொனால்ட் என்னும் பெண்ணை மணந்தார். நோவு தணிக்கும் மின்கருவிகள் செய்து விற்றார். 1852இற் பிளேயர்கௌரி என்னும் சிற்றூரில் மது விற்காத விடுதியொன்றைத் தொடங்கி, தளபாடங்களிற் பலவற்றைத் தம் கையாலேயே செய்தார். மது விற்கும் விடுதிகள் பல ஏற்கனவே இருந்த அவ்வூரில் மது இல்லா விடுதிக்கு யார் வருவார்? ஒன்றரை ஆண்டளவில் அதுவும் மூடப்பட்டது. அடுத்துக் காப்புறுதி முகவரானார். பிறர் வீட்டுக் கதவைத் தட்டி, விருப்பமில்லாதவரிடம் வார்த்தை வளர்க்கும் அத்தொழில், கூச்சம் மிக்க அம்மனிதரை நாலரை ஆண்டுகள் வருத்தியது. தம் வாழ்நாளிலே மிகக் கசப்பான காலம் அதுவேயெனப் பின்னாளிற் குறித்திருக்கிறார். 1857இல் மனைவியார் நோய்வாய்ப்படவே அதனையும் துறந்து கிளாஸ்கோ சேர்ந்தார். அதே ஆண்டிற் கடவுட்கொள்கை பற்றி அவர் எழுதிய தத்துவ நூலொன்று ஆசிரியர் பெயரின்றி இலண்டனில் வெளிவந்தது. அந்நூலை இன்று படிப்பார் இலர். அது பெரிய இழப்புமன்று. பின் மதுவிலக்குப் பத்திரிகையொன்றிற் சிறிது காலம் வேலை பார்த்தார்.

இவ்வாறு 38 வயதாயிற்று. கையிற் பொருளில்லை, ஒரு கை முழுதாய் மடங்காது, உலகத்தார் கணக்கின்படி தோற்றுப்போன மனிதர். அந்த நிலையிலேதான், 1859ஆம் ஆண்டு பிற்பகுதியில், அன்டர்சன் கல்லூரிக் காவற்பணி அவருக்குக் கிடைத்தது.

அக்கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை. கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியரான ஜோன் அன்டர்சன் 1796இல் இறந்தபோது எழுதிவைத்த மரணசாதனப்படி எழுந்தது அது. தொழில் செய்வோருக்கும் பயன்படுங் கல்வி கிட்டவேண்டுமென்பது அவர் நோக்கம். பஞ்சாலைத் தொழிலாளியாய் இருந்து, பின் ஆபிரிக்காவில் உலாவிப் புகழ்பெற்ற டேவிட் லிவிங்ஸ்ரன் 1836ஆம் ஆண்டு முதல் அங்கு பயின்றவர். 1964இல் ஸ்றத்கிளைட் பல்கலைக்கழகம் என உயர்ந்ததும் அந்த நிலையத்தின் வழித்தோன்றலே.

குறோலுக்குக் கிடைத்த சம்பளம் சொற்பம். இரண்டு வயிறு நிறைவதற்கே அளவாயிருந்தது. ஆனால் அக்கட்டடத்தில் நூல்நிலையங்கள் இருந்தன. கிளாஸ்கோ மெய்யியற் கழகத்தின் அறிவியல் நூற்றொகுதியும் அங்கேயே வைக்கப்பட்டிருந்தது. திறப்புக்கோவை அவர் இடுப்பில்! பேராசிரியர் போனபின்பும், மாணவர் கலைந்த பின்பும், எந்த அலுமாரியையும் திறக்கவல்லவர் அவர் ஒருவரே. அவருடைய சகோதரர் டேவிட் கூடவிருந்து வேலைகளிற் பெரும் பகுதியைப் பகிர்ந்துகொண்டார். நூதனசாலைக்கு வருவோர் குறைந்த வேளைகளில் ஒரு மூலையில் அமர்ந்து அவர் வாசித்தார். தாம் பார்த்த இருபதுக்கு மேற்பட்ட இடங்களுள் இதனைப்போல் மனத்துக்கு இசைந்த இடம் பிறிதில்லையென அவரே எழுதிவைத்துள்ளார். அந்தத் தம்பி டேவிட்டை நாம் மறந்துவிடலாகாது. அவர் தும்பு பிடித்திராவிடில் இவர் பேனா பிடித்திருத்தல் இயலாது.

1861இல் மின்னியல் பற்றிய அவருடைய கட்டுரையொன்று இலண்டன் அறிவியற் சஞ்சிகையில் வெளியாயிற்று. அக்காலத்திலே புவிச்சரிதவியலார் ஒரு பெரிய புதிருடன் மல்லாடிக்கொண்டிருந்தனர். ஸ்கொற்லாந்தின் பள்ளத்தாக்குகளிற் கீறுண்ட பாறைகளும், எங்கிருந்தோ உருட்டி வரப்பட்ட பெருங் கற்களும், அவற்றைப் பொதிந்த களிமண்ணும் காணப்பட்டன. அந்நாடு முழுவதையும் ஒருகாற் பனிக்கட்டி மூடியிருந்ததென்பது தெளிவாகிவிட்டது. ஏன் மூடியது, ஏன் விலகியது? இவ்வினா குறோலைப் பற்றிக்கொண்டது.

பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமன்று. சிறிது நீண்ட வளையம். இன்று தை மாதத் தொடக்கத்தில் நாம் சூரியனிலிருந்து ஏறக்குறைய 14 கோடியே 70 இலட்சம் கிலோமீற்றரிலும், ஆடி மாதத் தொடக்கத்தில் 15 கோடியே 20 இலட்சம் கிலோமீற்றரிலும் இருக்கிறோம். இந்த நீட்சியும் நிலையானதன்று. மற்றைக் கிரகங்களின் இழுப்பினால், ஏறக்குறைய இலட்சம் ஆண்டுக்கு ஒருமுறை கூடியுங் குறைந்தும் வரும். அதனோடு, பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தலையாட்டுவதால், மாரிகாலம் சூரியனுக்கு அண்மையில் வருவதும் சேய்மையில் வருவதும் ஏறக்குறைய 22,000 ஆண்டுகளில் மாறி மாறி நிகழும். பிரான்சு நாட்டுக் கணித ஆசிரியர் அதெமார் 1842இலேயே அச்சின் தலையாட்டத்தைக் கொண்டு பனியுகத்தை விளக்க முயன்றார். ஆனால் அறிஞர்கள் அதனை ஒதுக்கிவிட்டனர். ஓராண்டில் இரு அரைக்கோளங்களும் பெறும் வெப்பத்தின் மொத்தம் மாறுவதில்லையே என்பது அவர்கள் தடை.

குறோல் அத்தடையை மறுக்கவில்லை. நேரடி விளைவு சிறிதே என ஒப்புக்கொண்டு, அச்சிறிய விளைவு எதனைத் தூண்டுகின்றது என்று கேட்டார். மாரி சேய்மையில் நேர்ந்து நீண்டு கடுமையாகும்போது வெண்பனி மிகுதியாய்ப் பெய்யும். வெண்பனி சூரிய ஒளியைத் திருப்பி எறியும். ஆகவே கோடை வந்தும் அது முற்றாய் உருகாது. மீந்த பனி அடுத்த மாரியை இன்னுங் கடுமையாக்கும். துருவப் பகுதி குளிரக் குளிரக் காற்றோட்டத்தின் வேகம் மாறும். காற்று மாறினால், வடகடலுக்கு வெப்பங் கொண்டு செல்லும் வளைகுடா நீரோட்டம் திசைதிரும்பும். அதனாற் குளிர் மேலும் பெருகும். வீட்டுக் கூரையில் ஓர் ஓடு விலக, அவ்வழி ஒழுகும் நீரால் மரம் உளுத்து, அடுத்த ஓடுகளும் சரிவதுபோல. விளைவே காரணமாகித் தன்னைத் தானே வளர்க்கும் இந்தச் சங்கிலியைக் காலநிலையிற் கண்டு விரித்துக் காட்டிய முன்னோடி அவரே. இன்று காலநிலை மாற்றம் பற்றிப் பேசுவோர் அனைவரும் ஆளுகின்ற கருத்து அது.

1864ஆம் ஆண்டு ஆவணி மாதம் அக்கட்டுரை அச்சேறியது. சேர் சாள்ஸ் லயல், திண்டல், டார்வின் போன்ற பேரறிஞர்களோடு அவருக்குக் கடிதத் தொடர்பு வளர்ந்தது. கிளாஸ்கோவின் கல்லூரிப் படலையைக் காத்த ஒருவரோடு அவர்கள் பூமியின் வயது பற்றித் தருக்கம் நிகழ்த்தினர். டார்வின் தமது பெருநூலின் பிந்திய பதிப்பில் குறோலின் கொள்கையை எடுத்தாண்டிருக்கிறார்.

கொள்கையோடு நில்லாது கணக்கிலும் இறங்கினார். பிரெஞ்சு வானியலார் லெவெரியே வகுத்த சூத்திரங்களைக் கொண்டு, கடந்த முப்பது இலட்சம் ஆண்டுகளுக்கும் வருகின்ற பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் பூமிப்பாதையின் நீட்சி எவ்வாறு மாறும் என்பதைக் கையாலேயே கணித்தார். கணிப்பொறி இல்லாக் காலம். பகலில் திறப்பும் தும்பும்; எஞ்சிய நேரத்தில் இந்த எண்காடு.

1865ஆம் ஆண்டு ஆடி மாதம் ஒருநாள், தரைவிரிப்பொன்றுக்குச் சிற்றாணி அடிக்க உதவுவதற்காகக் குனிந்தார். தலையின் இடப்பக்கத்தில் ஏதோ சுண்டியிழுத்தது போலிருந்தது. அவ்வளவே. ஆனால் அன்று முதல் நெடுநேரஞ் சிந்திக்க முயன்றாலே தாங்கொணாத் தலைநோவு உண்டாயிற்று. எஞ்சிய 25 ஆண்டுகளும் நாளொன்றிற் சிறிது நேரமே எழுத்துவேலை செய்ய அவரால் முடிந்தது.

1867இல் ஸ்கொற்லாந்துக்கெனப் புவிச்சரித அளவைப் பகுதி தனியாக அமைந்தது. அதன் பணிப்பாளரான ஆச்சிபோல்ட் கீக்கி, குறோலை எடின்பரோ அலுவலகத்துக்கு அழைத்தார். அரசாங்கப் பதவியாதலால் பரீட்சை எழுதவேண்டும். எழுதினார். எண்கணிதத்திலும் ஆங்கிலக் கட்டுரையிலும் சித்தியடையவில்லை! முப்பது இலட்சம் ஆண்டுக்குப் பூமியின் பாதையைக் கணித்தவருக்கு எண்கணிதம் போதாது. இலண்டன் சஞ்சிகைகளில் எழுதியவருக்குக் கட்டுரை எழுத வராது! பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரம் ஒன்றையே சொத்தாகக் கொண்டு, இருபது ஆண்டுகளாய்ப் பிள்ளைகளின் விடைத்தாள்களிற் சிவப்புக் கோடு இழுத்துவரும் எனக்கு, இச்செய்தியை முதலில் வாசித்த இரவில் நித்திரை சரியாக வரவில்லை. பரீட்சகரைக் குறைகூறவும் எனக்கு மனமில்லை. முன்னே கிடந்த தாளுக்கே அவர்கள் புள்ளியிட்டனர். மேலிடத்தார் தலையிட்ட பின்னர், அவருடைய வானியற் கணக்குகளும் அறிவுலகிற் பெற்ற பெயரும் அக்குறையை ஈடுசெய்வனவாக ஏற்கப்பட்டன.

திறப்புக்கோவையைக் கையளித்துவிட்டு எடின்பரோ சென்றார். நல்ல சம்பளந்தான், ஆனாற் கிளாஸ்கோவில் இருந்த ஓய்வு அங்கு இல்லை. வரைபடங்களை ஒழுங்குசெய்வதும் கடிதம் எழுதுவதும் பகற்பொழுதைத் தின்றன. எனினும் தலைநோவுக்கிடையே 1875இற் காலநிலையும் காலமும் என்னும் பொருள்பற்றிய தமது பெருநூலை முடித்தார். அடுத்த ஆண்டிலேயே றோயல் சொசைற்றி அவரை அங்கத்தவராக்கியது; சென் அன்றூஸ் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

பட்டங்கள் அடுப்பெரிக்கமாட்டா. 1880இல் நோய் முற்றிப் பதவி துறந்தார். சேவைக்காலம் 13 ஆண்டுகளே என்பதைக் காட்டி மிகச் சிறிய இளைப்பாற்றுச் சம்பளமே அளந்தனர். அறிஞர் பலர் ஒப்பமிட்டு விண்ணப்பித்தும் அரசாங்கம் இரங்கவில்லை. ஏழ்மை அறிஞரை வளர்க்குமென்று மேடையிற் பேசுவோர் உளர். குறோலின் வரலாறு அதற்குச் சான்றன்று. 1859இல் அவரை வளர்த்தது ஏழ்மையன்று. திறந்திருந்த நூலகமும், அமைதியும், உடனுழைத்த சகோதரரின் கைகளுமே. 1880க்குப் பின்னர் ஏழ்மை மட்டுமே எஞ்சியிருந்தது.

கொள்கையும் தளர்ச்சியுற்றது. இறுதிப் பனியுகம் ஏறக்குறைய 80,000 ஆண்டுகளுக்கு முன்னர் முடிவுற்றதென அவர் கணித்தார். அது முடிந்து ஏறக்குறைய 10,000 ஆண்டுகளே ஆயின என்பதற்குச் சான்றுகள் வடஅமெரிக்காவிலிருந்து வரத்தொடங்கின. வடக்கிலும் தெற்கிலும் பனியுகம் மாறி மாறி வருமென்றார், அதுவும் பொருந்தவில்லை. மாரியின் கடுமையை அவர் நோக்கினார். கோடையின் மென்மையே முதன்மையானதென்று சேர்பிய அறிஞர் மிலான்கோவிச் பின்னர்க் கணித்து, 1941இற் பெருநூலாக வெளியிட்டார். 1976இற் கடலடிப் படிவுகளைத் துளைத்தெடுத்து ஆராய்ந்த ஹேய்ஸ், இம்பிறி, ஷக்கிள்ரன் ஆகிய மூவரும், பனியுகங்களின் தாளம் பூமிப்பாதையின் மாற்றங்களோடு ஒத்து நடந்ததைக் காட்டினர். இலட்சம் ஆண்டுத் தாளமும் அப்படிவுகளில் இருந்தது. மிலான்கோவிச்சின் பெயரை மாணவர் இன்று பாடநூலிற் படிக்கின்றனர். குறோலின் பெயர் பெரும்பாலும் அடிக்குறிப்பில் நிற்கின்றது.

இவற்றை எதிர்பார்த்து அவர் காத்திருந்தாரல்லர். பேர்த் நகரத்தில் ஒதுங்கி வாழ்ந்து, விண்மீன்களின் தோற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். தமக்கு என்றும் விருப்பமான தத்துவத்துக்கு மீண்டார். கூர்ப்புக் கொள்கையின் தத்துவ அடிப்படை பற்றிய நூல் 1890இல் அச்சாகி வந்தது. அவ்வாண்டு மார்கழி 15ஆந் திகதி, தமது 69ஆவது வயதில் உயிர்நீத்தார். பிறந்த ஊராகிய காகிலிலேயே அடக்கஞ் செய்தனர்.

வாழ்நாள் முழுவதும் மதுவைத் தொடாதவர் அவர். மது விற்காமையால் விடுதியையே இழந்தவர். இறுதி வேளையில், கூடியிருந்தோரிடம் சிறிதளவு விஸ்கி தருமாறு கேட்டாராம். இனிமேல் தாம் குடிகாரராய்விடுவார் என்ற பயம் எவருக்கும் வேண்டாமென்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கேட்டாராம்.